கோழிக்குஞ்சுகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லிக்குப் பதிலாக நன்மை தரும் பக்டீரியா: பயன் தெரியாதது ஏன்?

கேள்வி (அவிசாவளை):
அறுநூறு புரொயிலர் கோழிகளை வளர்த்துக் கொழும்புக் கடைகளுக்கு வழங்கி வருகிறேன். நோயில்லாத காலத்திலும் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி கலக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, சென்ற தொகுதிக்கு லக்டோபசிலஸ் என்ற நன்மை தரும் பக்டீரியாவின் தூளைத் தண்ணீரில் கொடுத்தேன். பயன் எதுவும் தெரியவில்லை. எங்கே தவறினேன்?

மறுமொழி 1 (தெஹிவளை):
ஐயா, குழாய்த் தண்ணீரையா பயன்படுத்தினீர்கள்? கிருமியைக் கொல்லச் சேர்க்கப்படும் குளோரின், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பக்டீரியாவையும் கொல்லும். தீவனத்தில் கலப்பதாயின் பசிலஸ் சப்டிலிஸ் என்ற மற்றொரு நல்ல பக்டீரியா பொருத்தமானது. அதன் வித்திகள் (கடும் சூழலையும் தாங்கும் உறங்குநிலை வடிவம்) குருணைத் தீவனம் தயாரிக்கும் சூட்டைத் தாங்கும், லக்டோபசிலஸ் பெரும்பாலும் தாங்காது.

மறுமொழி 2 (வெள்ளவத்தை):
எந்த வயதில் தொடங்கினீர்கள் என்பதே என் கேள்வி. வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிர்களைப் பெற்ற இளங்குஞ்சுகளில் சல்மொனெல்லா என்ற நோய்க்கிருமி எளிதில் குடியேறுவதில்லை என்பதைப் பின்லாந்து ஆய்வாளர்களான நூர்மியும் ரண்டாலாவும் 1973இலேயே காட்டினர். இடத்தையும் உணவையும் நல்லவை முந்திக்கொள்வதே இதன் சூட்சுமம் என்பதால், பொரித்த முதல் நாளிலேயே கொடுக்க வேண்டும்.

மறுமொழி 3 (கொழும்பு 13):
ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லி கலப்பதை 2006 முதல் முற்றாகத் தடுத்தது. நோய்க்கு மருந்து கொடுப்பதையல்ல. கோழிகள் நோயுற்றால் கால்நடை வைத்தியரிடமே செல்லுங்கள். கூட்டுத் தரையில் விரித்த படுக்கை ஈரமாக இருந்தால் அதை எந்தத் தூளும் ஈடுசெய்யாது.

கேட்டவர்:
குழாய்த் தண்ணீர்தான், அதுவும் பத்தாம் நாளிலிருந்து. அடுத்த தொகுதிக்குக் கிணற்று நீரில் முதல் நாளே தொடங்குகிறேன்.