நடுக்கத்தோடும் ஜெபித்த ஒரு தாய்

விசுவாசத்தோடு ஜெபிப்பது எப்படி என்பதை எங்கள் ஜெபக்குழுவிலிருந்த ஒரு மூத்த சகோதரியிடம்தான் நான் கற்றுக்கொண்டேன். அவருடைய மகன் வீட்டை விட்டுப் போய்ப் பல ஆண்டுகளாக எந்தத் தகவலும் இல்லாதிருந்தது. ஒரு நாள் அவர், "ஆண்டவரே, அவனை நீர் காக்கிறீர் என்று நம்புகிறேன், ஆனாலும் இரவு வந்தால் மனம் நடுங்குகிறது, அந்த நடுக்கத்தையும் உம்மிடமே வைக்கிறேன்" என்று ஜெபித்தார். சந்தேகத்தை வாய்விட்டுச் சொன்னால் ஜெபம் கேட்கப்படாது என்று குழுவில் ஒருவர் அவரைக் கடிந்துகொண்டார்.

சகோதரி கோபப்படவில்லை. வேதாகமத்தைத் திறந்து மாற்கு 9:24-ஐ வாசித்தார். பிள்ளையின் விடுதலைக்காக இயேசுவிடம் வந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சொன்ன வசனம் அது. இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை; பிள்ளையைக் குணமாக்கினார்.

அப்படியானால் சந்தேகப்படுகிறவன் காற்றால் அலைகிற கடலின் அலைக்கு ஒப்பானவன் என்று யாக்கோபு தம் நிருபத்தில் (1:6) எச்சரிப்பது யாரை என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. அந்த வசனத்திற்கு முந்தின 5-ஆம் வசனத்தைச் சகோதரி சுட்டிக்காட்டினார். தேவன் யாரையும் கடிந்துகொள்ளாமல் சம்பூரணமாய்க் கொடுக்கிறவர் என்று அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. தேவனிடம் கேட்டுக்கொண்டே, அவர் கொடுக்கிறவர்தானா என்று அவருடைய குணத்தையே நம்பாமல் இரண்டு பக்கமும் சாய்கிற மனதைத்தான் யாக்கோபு இருமனம் என்கிறார் என்பது அவருடைய புரிதல். என் புரிதலும் இப்போது அதுவே. அச்சம் வேறு, இருமனம் வேறு.

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரமும் எனக்கு இங்கே பெரிய ஆறுதல். சிறையிலிருந்த பேதுருவுக்காகச் சபையார் ஊக்கத்தோடு ஜெபித்தார்கள். அவரே விடுதலையாகி வந்து கதவைத் தட்டியபோதோ, செய்தி சொன்ன ரோதை என்ற பெண்ணைப் பார்த்துப் பிதற்றுகிறாய் என்றார்கள். அவர்களால் நம்ப முடியாதிருந்த அந்த நேரத்திலும் பதில் வாசலில் நின்றது.

அந்த மகன் திரும்பி வந்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான், இன்னும் வரவில்லை. அந்தத் தாய் ஜெபிப்பதை நிறுத்தவும் இல்லை. என்னிடம் ஜெபிக்கச் சொல்லி வருகிறவர்களிடம், அவர்களுடைய பயம் என்னவென்று முதலில் கேட்டு, அதையே ஜெபத்தின் முதல் வார்த்தையாகச் சொல்லும்படி இப்போது சொல்லி வருகிறேன்.