மூன்று மீன்கொத்தி, ஒரே ஏரி: போட்டி இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரினங்களுக்கிடையே நடக்கும் போட்டியைப் பாடமாக எடுக்கிறேன், ஒரு இடத்தில் உங்கள் உதவி வேண்டும்.

ஸ்காட்லாந்துக் கடலோரப் பாறைகளில் சூழலியலாளர் கானெல் செய்து, 1961-ல் வெளியிட்ட சோதனை அவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. பாறையின் மேல்பகுதியில் தாமலஸ், கீழே பலானஸ் என்று இரண்டு வகை பார்னக்கிள்கள் (பாறையில் ஒட்டிக்கொண்டே வாழும், ஓடுள்ள சிறு கடலுயிர்கள்). வேகமாக வளரும் பலானஸ், பக்கத்தில் இருக்கும் தாமலஸை மூடி நசுக்கும், அடியில் புகுந்து பெயர்த்தும் எடுத்துவிடும். அவர் பலானஸை அகற்றிய இடங்களில் தாமலஸ் கீழேயும் பிழைத்தது. ஆக, அதைத் தடுத்தது போட்டிதான். எவ்வளவு தெளிவான நிரூபணம்!

சிக்கல் எங்கள் ஏரியில். கருப்பு வெள்ளை மீன்கொத்தி நடுநீருக்கு மேல் சிறகடித்து நின்று பாய்கிறது. சிறு மீன்கொத்தி கரையோரக் கிளையிலிருந்து பாய்கிறது. வெண்மார்பு மீன்கொத்தி பாதி நேரம் வயலில் பூச்சியும் ஓணானும் பிடிக்கிறது. "இப்போதும் போட்டி போடுகின்றனவா, பழைய போட்டியால் இப்படிப் பிரிந்தனவா, இல்லை இயல்பிலேயே வேறா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி.

பறவையை அகற்றிப் பார்க்க முடியாது, அப்படிச் செய்யவும் கூடாது. வெறும் கவனிப்பை வைத்து இதைப் பிரித்தறிய வழி உண்டா? இரை, உட்காரும் உயரம், ஒன்றையொன்று துரத்துவது, இவற்றில் எதைக் குறிக்கச் சொல்லலாம்? ஒரு வகை மட்டும் இருக்கும் ஏரியோடு ஒப்பிட்டால் போதுமா? களத்தில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.