கணவர் தாய்மாமன், நான் தலசீமியா கேரியர்: அவருக்கும் பரிசோதனை அவசியமா?

கேள்வி (பாலக்கோடு)

வணக்கம். எனக்கு இது முதல் கர்ப்பம், பத்தாவது வாரம். ஹீமோகுளோபின் 10.1, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 63 என்று குறைந்திருந்தும் சிவப்பணுக்கள் 52 லட்சம் இருந்ததால், மருத்துவர் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. பரிசோதனைக்கு எழுதினார். அதில் ஹெச்.பி.ஏ.2 என்ற ஹீமோகுளோபின் வகை இயல்பைவிடக் கூடுதலாக 5.3 விழுக்காடு. நான் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோயின் கேரியர் (நோயில்லாமல் பழுதான மரபணுவை மட்டும் சுமப்பவர்) என்றும், கணவருக்கும் உடனே இதே பரிசோதனை வேண்டும் என்றும் சொல்கிறார். கணவர் என் தாய்மாமன். எனக்குப் பாட்டியும் மாமியாரும் ஒருவரே. நோய்நொடி இல்லாமல் காட்டு வேலை செய்பவனுக்குப் பரிசோதனை எதற்கு, முருங்கைக்கீரையும் களியும் சாப்பிட்டால் உனக்கு ரத்தம் ஊறிவிடும் என்கிறார் பாட்டி. அவர் சொல்வது சரியா? இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

பதில் 1 (கிருஷ்ணகிரி, ஓய்வு பெற்ற ஆய்வக நுட்பர்)

சகோதரி, கேரியராக இருப்பவர் வாழ்நாள் முழுவதும் வலுவாகவே இருக்கலாம்; நீங்களும் இதுவரை அப்படித்தானே இருந்தீர்கள்? ஹீமோகுளோபினில் உள்ள பீட்டா சங்கிலிக்கான மரபணு தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக நமக்கு இரண்டு உண்டு. ஒன்று பழுதானால் கேரியர், இரண்டும் பழுதானால் தலசீமியா மேஜர் என்ற கடும் ரத்தசோகை நோய். கணவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் மேஜருக்கான வாய்ப்பு 25 விழுக்காடு. முதல் குழந்தை நலமாகப் பிறந்ததால் அடுத்ததற்கு அது குறைந்துவிடாது. அவரிடம் அரிவாள் அணு நோய்க்கான (சிவப்பணு அரிவாள்போல் வளையும் பரம்பரை நோய்) மரபணு இருந்தாலும் உங்களுடையதோடு சேர்ந்து கடும் நோயாகலாம், ஹெச்.பி.எல்.சி. அதையும் காட்டிவிடும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். ஃபோலிக் அமிலம் தொடரட்டும். கீரையும் களியும் நல்ல உணவுதான், ஆனால் மரபணுவை அவை மாற்றுவதில்லை.

பதில் 2 (அரூர்)

என் மகனுக்குத் தலசீமியா மேஜர், இப்போது ஒன்பது வயது. ஏழாம் மாதத்தில் வெளுக்கத் தொடங்கினான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். அதனால் உடலில் சேரும் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் தங்காதிருக்கத் தினமும் டெஃபெராசிராக்ஸ் மாத்திரை கொடுக்கிறோம். நான் கர்ப்பமாக இருந்தபோது ரத்தம் குறைவு என்று மாத்திரை மட்டும் தந்தார்கள், எனக்கு ஹெச்.பி.எல்.சி. எழுத யாருக்கும் தோன்றவில்லை. உங்களுக்கு எழுதிய மருத்துவரின் சொல்லைத் தட்டாதீர்கள். பாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: வெளுத்துப்போய், வயிறு வீங்கி இறந்த குழந்தை யாராவது உங்கள் குடும்பத்தில் உண்டா?

கேட்டவர்

கேட்டேன். பாட்டி நெடுநேரம் பேசவில்லை. என் அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவே ஓர் ஆண் குழந்தை பிறந்து, ஒன்றரை வயதில் நீங்கள் சொன்னது போலவே இறந்துபோயிற்றாம். கண்ணேறு என்று மந்திரித்ததாகச் சொன்னார். இதுநாள் வரை அம்மா அதை என்னிடம் சொன்னதில்லை.

பதில் 1

அந்தக் குழந்தைக்கு என்ன நோய் என்று இப்போது உறுதி செய்ய முடியாது. தாய்மாமன் என்ற உறவை மட்டும் வைத்துப் பார்த்தால், அவரும் கேரியராக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. இறந்த குழந்தைக்கு மேஜர் இருந்திருந்தால் தாத்தா, பாட்டி இருவருமே கேரியர்கள்; அப்போது நோயின்றி வளர்ந்த மகன் கேரியராக இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. ஆகவே நாள் கடத்தாமல் நாளையே அவர் ரத்தம் கொடுக்கட்டும். இருவரும் கேரியர் என்று தெரிந்தால், முதலில் இருவரின் மரபணுப் பிழையையும் கண்டறிந்து, 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துக் குழந்தையின் நிலையை அறியலாம். அது தவறினால் 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பார்க்கலாம். வேலூர் சி.எம்.சி.யில் இந்த வசதி உண்டு. அதன்பின் என்ன செய்வது என்பது உங்கள் இருவரின் முடிவு. அதற்கு முன்பே யாரும் உங்களை அச்சுறுத்தவோ அவசரப்படுத்தவோ வேண்டாம்.

கேட்டவர்

நாளைக் காலை தருமபுரிக்குப் போகிறோம், பாட்டியும் வருகிறேன் என்கிறார். என் தங்கைக்கும் சொந்தத்தில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அவளையும் அழைத்துப் போகலாமா?

பதில் 2

கட்டாயம் அழைத்துப் போங்கள். அவளும் கேரியர் என்று வந்தாலும் திருமணத்துக்கு அது தடையில்லை. மாப்பிள்ளையின் ரத்தத்தைப் பேச்சு முடியும் முன்பே பார்த்துவிட்டால் போதும்.