கிராம சபை வகுப்புகளுக்கு உங்கள் உதவி வேண்டும்

நெல்லைக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். பல்கலைக்கழக நிறுவனம் ஒன்றின் வழியாக மானூர் வட்டாரத்தில் குடிமைக் கல்வி வகுப்புகள் நடத்தும் சிறு குழுவில் நானும் ஒருவன்.

அக்டோபர் 2 அன்று நடந்த ஒரு கிராம சபைக்குப் பீடி இலையும் தூளும் இருந்த முறத்தோடு வந்தமர்ந்த அக்கா ஒருவர், பதிவேட்டில் கையெழுத்திட்டபின், "நாங்க சொன்னது தீர்மான நோட்டுல ஏறிட்டான்னு பாக்கலாமா?" என்று கேட்டார். பார்க்கலாம் என்று உறுதியாகச் சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்தத் தயக்கம் இன்னும் என்னை உறுத்துகிறது. ஏனெனில், அக்கால ஊர்ச் சபை உறுப்பினரின் தகுதிகளையும், எதற்கெடுத்தாலும் "அன்று" (அதாவது, "அல்ல") என்று முட்டுக்கட்டை போடுவோருக்கு 5 காசு தண்டத்தையும், உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த ஊர் மானூர். (அச்சபையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை என்பதையும் வகுப்பில் மறைக்காமல் சொல்கிறோம்.)

எங்களுக்கு முதன்மையாகத் தேவைப்படுவோர், ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை எளிய தமிழில் விளக்கத் தெரிந்த, ஓய்வுபெற்ற ஊராட்சிச் செயலர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மனு எழுதுவதையும், 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்வதையும் உடனிருந்து பழக்கித் தரும் வழக்கறிஞர் ஒருவரும் வேண்டும். கல்வெட்டு வாசிக்கத் தெரிந்தவர் கிடைத்தால், பிள்ளைகளை மானூர்க் கோயிலுக்கே அழைத்துச் செல்வோம்.

சுற்றிய பீடியைக் கடையில் கணக்கு ஒப்படைத்த பிறகே பெண்கள் வர இயலும் என்பதால், வகுப்பு ஞாயிறு மாலையில்தான் நடக்கும். ஜனவரி 26 கிராம சபைக்கு முன் 4 வகுப்புகளாவது முடித்துவிட விரும்புகிறோம். வர இயன்றவர்கள் ஊர்ப் பெயருடன் இங்கே தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.