கரிசல் மனையில் வீடு: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பெரியண்ணன், காலை 7.10
அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டி மனையில் தை பிறந்ததும் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டலாம் என்று மேஸ்திரியிடம் பேசி வைத்திருந்தேன். ஐந்தடி ஆழத்தில் கருங்கல் கட்டு, அதன்மேல் பெல்ட் (கம்பி வைத்த கான்கிரீட் விட்டம்) என்பது அவருடைய கணக்கு. மண் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது என்றும், இந்த அஸ்திவாரம் அங்கே நிற்காது என்றும் தங்கச்சி நேற்று இரவு சொன்னாள். எல்லோருடைய பணமும் இதில் இருப்பதால், காரணத்தை இங்கேயே எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

நான், காலை 7.42
வணக்கம் அண்ணா. மனையில் இரண்டு இடங்களில் துளையிட்டுப் பார்த்தார்கள். சுமார் 11 அடி வரை சுத்தமான கரிசல். அதற்குக் கீழேதான் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) கலந்த இறுகிய மண் வருகிறது. சலித்த மண்ணில் 10 கிராம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் மண்ணெண்ணெயிலும் இன்னொன்றில் தண்ணீரிலும் போட்டு, ஒரு நாள் கழித்து அளந்திருக்கிறார்கள். மண்ணெண்ணெயில் 10 மில்லி இடத்தில் அடங்கிய மண், தண்ணீரில் 18 மில்லிக்கு உப்பியிருக்கிறது. அதாவது 80 விழுக்காடு வீக்கம். 50 விழுக்காட்டைத் தாண்டினாலே அந்த மண்ணில் வழக்கமான அஸ்திவாரத்தை நம்பக் கூடாது.

அம்மா, காலை 7.58
அப்பா கட்டிய பழைய வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடிய வெடிப்பு உங்களுக்கு நினைவிருக்கும். சித்திரையில் விரல் நுழையும் அளவுக்குத் திறந்து கிடக்கும்; ஐப்பசி அடைமழைக்குப் பிறகு தானாகவே மூடிக்கொள்ளும், ஆனால் பூஜை அறைக் கதவு சாத்தாது. ஒவ்வோர் ஆண்டும் அப்பா சிமெண்ட் பூசினார், ஒவ்வோர் ஆண்டும் அது விட்டது.

நான், காலை 8.05
அம்மா சொன்னதுதான் கரிசலின் இயல்பு. கோடையில் வெளிச்சுவரை ஒட்டிய மண் காய்ந்து சுருங்கும். வீட்டின் நடுவில் தரைக்கு அடியில் இருக்கும் மண் ஈரத்தோடு அப்படியே இருக்கும். மழையில் ஓரத்து மண் உப்பி மேலே தள்ளும். நடுப்பகுதி ஒரு மட்டத்திலும் ஓரங்கள் வேறு மட்டத்திலும் ஆண்டுதோறும் ஏறி இறங்கினால் எந்தச் சுவரும் தாங்காது. ஐந்தடிக் கருங்கல் கட்டு அந்த ஏறி இறங்கும் மண்ணுக்குள்ளேயேதான் நிற்கிறது.

மாமா, காலை 8.31
நான் என் வீட்டுக்கு வானம் முழுக்க மணல் நிரப்பித்தான் கல் வைத்தேன். அதையே இங்கேயும் செய்துவிடலாமே? தவிர, இது ஒற்றைத் தள வீடுதானே, இதற்குப் போய் இவ்வளவு பெரிய ஏற்பாடு எதற்கு?

நான், காலை 8.50
மாமா, மணல் தண்ணீரைத் தடுக்காது. மழைநீர் வானத்துக்குள் இறங்கி அங்கேயே தேங்கும், சுற்றியிருக்கும் கரிசல் அதைக் குடித்து இன்னும் உப்பும். உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாரம் அதிகமுள்ள கட்டடம் உப்பும் மண்ணை ஓரளவு அழுத்திப் பிடிக்கும். நம்முடையதைப் போன்ற லேசான வீட்டை மண் எளிதாகத் தூக்கிவிடும். ஆகவே, சிறிய வீடு என்பதால்தான் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

பெரியண்ணன், காலை 9.02
அப்படியானால் நீ என்ன செய்யச் சொல்கிறாய்?

நான், காலை 9.26
அண்டர்ரீம் பைல் போட வேண்டும் அண்ணா. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதே மண்ணுக்காக உருவாக்கி, பல பத்தாண்டுகளாக நாடு முழுவதும் பயன்பாட்டில் இருக்கும் முறை இது. 30 சென்டிமீட்டர் அகலத்தில் 13 அடி ஆழத்துக்குத் துளையிட்டு, அடிப்பகுதியில் மட்டும் அதை இரண்டரை மடங்காக, அதாவது 75 சென்டிமீட்டருக்கு, குடம்போல் விரித்து, முழு நீளத்துக்கும் கம்பி வைத்து கான்கிரீட் நிரப்புவார்கள். ஈரம் ஏறி இறங்கும் மண் மேலே பைலைப் பற்றி இழுத்தாலும், அசையாத மண்ணில் சிக்கியிருக்கும் அந்தக் குடம் விடாது. பைல்களின் தலைகளை இணைக்கும் பெல்ட்டுக்கு அடியில் 8 சென்டிமீட்டர் வெற்றிடம் விட வேண்டும். மேஸ்திரி பழக்கத்தில் அங்கே மண்ணை இட்டு இறுக்கிவிட்டால் எல்லாம் வீணாகிவிடும், ஏனெனில் மண் உப்பும்போது நேராக பெல்ட்டைத்தான் தள்ளும். உள்தரைக்குக் கீழே மேல்மண்ணை எடுத்துவிட்டு, உப்பாத சரள் மண்ணைப் படிப்படியாக நனைத்து இடித்து நிரப்பலாம்.

மதினி, காலை 9.40
வரைபடத்தில் சமையலறை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை நீங்கள் உள்ளே இழுத்துவிட்டீர்களே, அதுவும் இந்த மண்ணுக்காகத்தானா?

நான், காலை 9.47
ஆம் மதினி. நீட்டலும் மடிப்பும் உள்ள வீட்டில் ஒவ்வொரு மூலையும் தனித்தனியாக அசைய முயலும். நேரான செவ்வகம்தான் இங்கே பாதுகாப்பு. சமையலறையின் அளவைக் குறைக்கவில்லை. கூடத்திலிருந்து மூன்றடியை எடுத்துக்கொண்டேன். நீங்கள் கேட்ட மல்லிகைப் பந்தலையும் சுவரை ஒட்டிப் போட வேண்டாம், தினமும் ஊற்றும் தண்ணீர் அஸ்திவாரத்துக்குத்தான் போகும். சுவரைச் சுற்றி ஆறடிக்கு வெளிப்புறம் சரிந்த சிமெண்ட் தளம் வரும். சம்ப்பும் செப்டிக் டேங்கும் அதற்கும் அப்பால்.

அம்மா, காலை 10.05
வேப்பமரத்தை மட்டும் வெட்டச் சொல்லாதே. அப்பா தன் கையால் வைத்த மரம்.

நான், காலை 10.11
வெட்ட வேண்டாம் அம்மா. வரைபடத்தைப் போடும்போது அந்த மரத்தை வைத்துத்தான் முதல் கோட்டையே இழுத்தேன். கோடையில் பெரிய மரம் மண்ணின் ஈரத்தை வெகுதூரம் உறிஞ்சும். குறைந்தது மரத்தின் உயரம் அளவுக்காவது வீடு தள்ளி நிற்க வேண்டும். மரம் 30 அடி இருக்கிறது, ஆகவே வீட்டின் முன்சுவரை 35 அடி உள்ளே தள்ளிவிட்டேன். மனை 90 அடி நீளம் என்பதால் இது முடிந்தது. முன்னால் உங்களுக்கு நிழலுள்ள முற்றம் கிடைக்கும். மதினியின் பந்தலும் அங்கேயே.

பெரியண்ணன், மதியம் 12.20
பைல் போடுபவர்களிடம் விலை கேட்டேன். கருங்கல் கட்டைவிடச் செலவு கூடத்தான் செய்கிறது. மாடி அறையை இப்போதைக்கு விட்டுவிட்டால் கையில் இருப்பதற்குள் முடியும். என் பிள்ளைகளுக்காகக் கேட்ட அறை அது. பின்னால் நானே கட்டிக்கொள்கிறேன். பைல்களை மட்டும் மாடிப் பாரத்துக்கும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொடு.

மாமா, மதியம் 12.34
சரியான முடிவு மாப்பிள்ளை. சரள் மண் லாரிகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெரியண்ணன், மதியம் 12.41
ஒரு சந்தேகம். அடியில் குடம் சரியாக விரிந்ததா என்பதை மேலே நின்றுகொண்டு நான் எப்படி அறிவது?

நான், மதியம் 12.55
விரிக்கும் கருவியைச் சுழற்றச் சுழற்ற அதன் கைப்பிடி மெல்லக் கீழே இறங்கும். முழுதாக விரிந்த பிறகு இறங்காது, மண்ணும் வராது. தொடங்கும்போது கைப்பிடியில் ஓர் அடையாளம் இட்டு, எவ்வளவு இறங்கியது என்று அளந்துகொள்ளுங்கள். துளையிட்ட அன்றே கான்கிரீட்டும் போட்டுவிட வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் எத்தனை சட்டி போனது என்று எழுதி வையுங்கள். ஏதாவது ஒரு குழி மற்றவற்றைவிடக் குறைவாக வாங்கினால், அடுத்ததைத் தொடங்காமல் என்னைக் கூப்பிடுங்கள்.

பெரியண்ணன், மதியம் 1.03
மொத்தம் 22 குழிகள். கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிவிட்டேன்.