குடல் நரம்பு, 415 சுருதி, கடைசில ஒரு கூடை: இந்த பரோக் கோஷ்டிகளுக்கு இதெல்லாம் தேவையா?

வெறும்காது:
போன ஞாயிறு நெதர்லாந்துல டெல்ஃப்ட்ல ஒரு சர்ச்சுல பரோக் கச்சேரி (1600-1750 வாக்குல இருந்த ஐரோப்பிய இசை), அஞ்சு பேர் கோஷ்டி, அந்தக் காலத்து மாதிரியே குடல் நரம்பு போட்டு, சுருதியை 415 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, கொரெல்லி, டெலமான்னு அப்போதைய இசையமைப்பாளர்களை வாசிச்சாங்க. ஒன்றரை மணி நேரத்துல சுருதி சேர்க்கவே இருபது நிமிஷம் போயிருக்கும் சத்தியமா, ஒவ்வொரு ஐட்டத்துக்கும் நடுவுல கீய்ங் கீய்ங். முடிஞ்சதும் வாசல்ல ஒரு கூடை, எங்களுக்கு மானியம் கிடையாது பாத்துப் போடுங்கன்னு. ஸ்டீல் கம்பி போட்டு, இன்னிக்கு எல்லாரும் வாசிக்கற 440-ல வாசிச்சா இந்தப் பாடு உண்டா? கஷ்டத்தை அவங்களே இழுத்து விட்டுக்கிட்டு நம்மகிட்ட கூடை நீட்டுற மாதிரி இருந்துச்சு. தப்புன்னா சொல்லுங்க.

செகண்ட்வயலின்:
தப்பே இல்ல. நான் ஜெர்மனில ஒரு ஊர் ஆர்க்கெஸ்ட்ரால மாசச் சம்பளத்துக்கு வாசிக்கறவன், நாங்களும்தான் பாக் (பரோக் காலத்து ஜெர்மன் இசையமைப்பாளர்) வாசிக்கிறோம், யாரும் எழுந்து போகல. முதல்ல இந்த 415-ங்கறதே ஒரு சமாதானக் கணக்கு. அந்தக் காலத்துல ஊருக்கு ஒரு சுருதி, பிரான்சுல 392 பக்கம், ஜெர்மன் சர்ச் ஆர்கன்ல 460-க்கு மேல. 440-க்கு சரியா அரைக்கட்டை கீழ வருது, ஹார்ப்சிகார்டு (பியானோவுக்கு முந்தின வாத்தியம்) கீபோர்டை ஒரு கீ தள்ளி வச்சா ரெண்டு சுருதிக்கும் ஆச்சு, அந்த வசதிக்குப் பிடிச்ச நம்பர் அது. அப்புறம் வைப்ரேட்டோ (விரலை ஆட்டி சுரத்தை நடுங்க வைக்கறது) கூடாதுன்னு ஒரு விரதம் வேற. அந்தக் காலத்து வயலின்காரர் ஜெமினியானி 1751-ல லண்டன்ல போட்ட வயலின் புக்குல அதை முடிஞ்ச வரைக்கும் அடிக்கடி பண்ணுன்னுதானே எழுதியிருக்கார், அந்தப் பக்கத்தை மட்டும் ஏன் யாரும் படிக்கறதில்ல?

முள்ளில்லாசெல்லோ:
நான் ஹேக்ல அஞ்சு பேர் கோஷ்டில பரோக் செல்லோ (கீழ ஊன்ற முள் கிடையாது, கெண்டைக்கால்ல இடுக்கிக்கணும், அதான் பேரு). டெல்ஃப்ட்ல வாசிச்சது நாங்க இல்ல, ஆனா நாங்களா இருந்திருந்தாலும் இதே கதைதான்.

415 வசதிக்குப் பிடிச்ச நம்பர்தான், ஒத்துக்கறேன், எங்கள்ல யாரும் அதை வேதவாக்குன்னு சொல்லல. ஜெமினியானி சொன்னது நிஜம், ஆனா அஞ்சே வருஷம் கழிச்சு 1756-ல லியோபோல்ட் மொசார்ட் (மொசார்ட்டோட அப்பா) ஒவ்வொரு சுரத்துக்கும் நடுங்கறவங்களை ஓயாத ஜுரம் கண்டவன் மாதிரின்னு கிண்டல் பண்ணியிருக்காரே, அந்தப் பக்கத்தை நீங்க படிச்சீங்களா? அப்பவே சண்டை போட்டிருக்காங்க சார்.

கம்பி மேட்டருக்கு வரேன். ஹார்ப்சிகார்டுல எவ்வளவு ஓங்கி அடிச்சாலும் சத்தம் கிட்டத்தட்ட அதேதான், உள்ள ஒரு சின்ன இறகு கம்பியை மீட்டுது அவ்வளவுதான். அது பக்கத்துல ரெண்டு ஸ்டீல் கம்பி வயலினை நிறுத்திப் பாருங்க, ஹார்ப்சிகார்டு இருக்கறதே தெரியாது. எங்க ஹார்ப்சிகார்டுக்காரி முன்னாடி முழு நோட்டும் கிடையாது, கீழ் வரி, அது மேல குட்டிக் குட்டி நம்பர், அவ்வளவுதான். அந்த நம்பரைப் பாத்து அவ அந்த நிமிஷமே கட்டுறதுதான் பாதி இசை, அது காதுல விழலைன்னா கொரெல்லி ட்ரியோ சொனாட்டால (ரெண்டு மேல் வரி, ஒரு கீழ் வரின்னு எழுதின இசை) என்ன மிச்சம்? ஆட்டுக் குடல் நரம்பு, பழைய வில்லு, குறைஞ்ச சுருதி, இது ஒண்ணோட ஒண்ணு பொருந்தின செட், ஒண்ணை உருவினா மத்தது ஆடும். அதுக்கு நாங்க கொடுக்கற விலைதான் அந்த இருபது நிமிஷம். சாயங்காலம் காலி சர்ச்சுல குளிர்ல சுருதி சேத்து வைப்போம், நூறு பேர் ஈரக் கோட்டோட வந்து உக்காருவாங்க, ஹீட்டரைப் போடுவாங்க, குடல் நரம்பு ஈரத்தையும் சூட்டையும் தாங்காது, சேத்த சுருதியெல்லாம் ஓடிப் போயிடும்.

கச்சேரிகிறுக்கன்:
நடுவுல ஒரு விஷயம். நம்ம பாலுஸ்வாமி தீட்சிதர் (முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி) 1786-ல பொறந்தவர், வெள்ளைக்காரர்கிட்ட வயலின் கத்துக்கிட்டவர். வயலின்ல தாடை வைக்கற கட்டை வந்ததே 1820 வாக்குலதான். அப்ப நம்மூருக்கு முதல்ல வந்தது அந்தக் கட்டை இல்லாத பழைய வயலின்தானே? நாம இன்னிக்கும் தாடைல இடுக்காம காலை மடக்கி உக்காந்துதான் வாசிக்கிறோம். சுருதி சேர்க்க இருபது நிமிஷம்னு இங்க யாரும் கோர்ட்டுக்குப் போனதும் இல்ல 😀

வெறும்காது:
சரி, சுருதியை விடுங்க. கூடைக்கு என்ன பதில்?

முள்ளில்லாசெல்லோ:
டெலமானும் கூடை நீட்டினவர்தான், 1733-ல தன்னோட விருந்து இசைத் தொகுப்பை முன்பணம் சந்தா வாங்கித்தான் அச்சடிச்சார், அந்த லிஸ்ட்ல லண்டன்லேருந்து இசையமைப்பாளர் ஹாண்டல் பேரே இருக்கு. எங்க கணக்கைக் கேளுங்க. டிக்கெட் காசுல சர்ச் வாடகை போகணும், ஹார்ப்சிகார்டு ஏத்தற வேன் வாடகை போகணும், மிச்சத்தை அஞ்சா வகுந்தா போன மாசம் ஒரு கச்சேரில எனக்கு வந்தது ட்ரெயின் டிக்கெட்டும் ஒரு பீட்சாவும். நாங்க சோறு திங்கறது ஈஸ்டருக்கு முந்தின வாரங்கள்ல. இந்த நாட்டுல ஊருக்கு ஊர் பாக்கோட மத்தேயு பாஷன் (ஏசு பட்ட பாடுகளைச் சொல்ற பெரிய பாட்டுப் படைப்பு) நடக்கும், நார்டன்ங்கற ஊர்ல 1922-லேருந்து நடக்குது. அந்த சீசன்ல பெரிய குழுக்களுக்குக் கூலிக்கு வாசிச்சுத்தான் இந்தச் சின்ன கோஷ்டிக்குத் தீனி போடுறோம். 2020 மார்ச்ல அந்த சீசன் மொத்தமும் ஒரே வாரத்துல ரத்தாச்சு, வருஷ வருமானத்துல பெரிய பங்கு போச்சு, நான் வில்லை அடகு வைக்கலாமான்னு யோசிச்சேன்.

பாக்கே புலம்பினவர்தான். 1730-ல நண்பர் எர்ட்மானுக்கு எழுதின லெட்டர்ல, தான் வேலை பார்த்த லைப்சிக்ல காத்து நல்லா இருக்கு, ஆளுங்க சாகறதில்ல, சாவு வீட்டு இசைக்கு வர்ற காசுல நூறு தாலருக்கு (அப்போதைய ஜெர்மன் நாணயம்) மேல நட்டம்னு எழுதியிருக்கார்.

செகண்ட்வயலின்:
நல்லா மாட்டிக்கிட்டீங்க. பாக் புலம்பினது நிரந்தர வேலைல உக்காந்துக்கிட்டு. ஊர் வேலை, தங்க வீடு எல்லாம் இருந்துச்சு அவருக்கு. நீங்க அவர் வாசிச்ச மாதிரி வாசிக்கணும்ங்கறீங்க, அவர் பொழைச்ச மாதிரி பொழைக்க மாட்டேங்கறீங்க.

முள்ளில்லாசெல்லோ:
அதே லெட்டரை அவர் எழுதினதே வேற ஊர்ல வேலை கிடைக்குமான்னு கேக்கத்தான் சார். லைப்சிக் அதிகாரிங்களைப் பத்தி அவர் எழுதியிருக்கறதைப் படிங்க, உங்க ஆர்க்கெஸ்ட்ரா கமிட்டி மீட்டிங் மாதிரியே இருக்கும்.

செகண்ட்வயலின்:
😂 சரி அது பாயிண்ட். ஆனா அமெரிக்க இசை வரலாற்றாளர் ரிச்சர்ட் டரஸ்கின் கேட்டது அப்படியே நிக்குதே. நீங்க வாசிக்கற அந்த வேகமான, சுத்தமான, ஈரப்பசையில்லாத பரோக், அது 18-ம் நூற்றாண்டோட ருசி இல்ல, 20-ம் நூற்றாண்டோட ருசின்னு எழுதினாரே அவர். அப்ப குடல் நரம்பு எதுக்கு?

முள்ளில்லாசெல்லோ:
பாதி ஒத்துக்கறேன். மீதிப் பாதிக்கு பதில் இருக்கு, இப்ப டைப் பண்ண நேரமில்ல. இன்னிக்கு சாயங்காலக் கச்சேரி சர்ச்சுல யாரோ புண்ணியவான் ஹார்ப்சிகார்டை நகத்தி ஹீட்டர் பக்கத்துல வச்சிருக்காங்களாம், போட்டோ வந்திருக்கு. ஓடணும்.

வெறும்காது:
எந்த சர்ச்? எத்தனை மணிக்கு?