புதுப்பிப்பு: தர்மபுரி, கிருஷ்ணகிரியில் புது நிருபரின் முதல் வாரம்

நாளிதழில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முன்பு எழுதிய குறிப்பில், "காலையில் நீர்வரத்தைக் கேட்டு எழுதுங்கள்" என்று ஒரே வரியில் முடித்திருந்தோம். அது போதாது, தவறு அதிகம் விழும் இடமே அதுதான்.

ஒகேனக்கல் காவிரி நீர்வரத்துச் செய்திக்கான அளவு, கர்நாடக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் எடுப்பது. விநாடிக்கு எத்தனை கனஅடி, எத்தனை மணி நிலவரம், இரண்டும் வேண்டும். மழைக்காலத்தில் காலை அளவு மாலைக்குள் இரட்டிப்பாகலாம்; நேரம் போடாத எண் மறுநாள் பதிப்பில் பொய்யாகிவிடும். தென்பெண்ணை ஆற்றில் உள்ள கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் 52 அடி என்பது முழு நீர்மட்ட உயரம், கொள்ளளவு அல்ல. கொள்ளளவு மில்லியன் கனஅடியில் வரும். நீர்வரத்தையும் நீர்திறப்பையும் தனித்தனி வரியில் குறியுங்கள். போனில் கேட்ட எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யுங்கள். ஒரு பூஜ்ஜியம் கூடினால் தென்பெண்ணைக் கரையோர மக்கள்தான் பதறுவார்கள்.

விட்டுப்போன இன்னொன்று, குழந்தைத் திருமணச் செய்தி. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவுப்படி சிறுமியின் பெயர், படம், முகவரி, பள்ளி, குடும்ப விவரம் எதுவும் வரக்கூடாது. சின்ன ஊர் என்றால் ஊர்ப்பெயரையும் விடுங்கள். கைதான கணவரின் பெயரைப் போட்டாலே அந்தப் பிள்ளை யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும்.